பாடசாலைக்கு வரும் திட்டங்கள்: கணக்கை முதல் நாளே கேட்போம்

எமது தோட்டப் பாடசாலைகளின் சுவர்களைப் பார்த்தாலே யார் யார் வந்து போனார்கள் என்பது தெரியும். ஒரு கட்டிடத்தில் ஒரு வெளிநாட்டுக் கொடி. தண்ணீர்த் தாங்கியில் ஒரு நிறுவனத்தின் இலச்சினை. நூலக அறையின் கதவில் இன்னொரு நிறுவனத்தின் பெயர்ப்பலகை. இவற்றில் பல எமக்குத் தேவையாக இருந்தவைதான். ஒழுகும் கூரையின் கீழ் ஒரே மண்டபத்தில் மூன்று வகுப்புகளை வைத்துப் படிப்பித்தவர்கள் நாம். ஒரு நல்ல கட்டிடத்தின் அருமை எமக்குத் தெரியும்.

ஆனால் ஒரு கேள்விக்கு மட்டும் அந்தச் சுவர்களில் பதில் இல்லை. இத்தனை திட்டங்கள் வந்து போன பின், எமது பிள்ளைகளில் எத்தனை பேர் கூடுதலாக வாசிக்கப் பழகினார்கள்? எத்தனை பேர் இடையில் நின்றுவிடாமல் சாதாரண தரம் வரை போனார்கள்? திட்டம் கொண்டுவந்தவர்களிடமும் இதற்குத் தெளிவான பதில் கிடைப்பதில்லை. எம்மிடமும் இல்லை.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலும் அதனோடு வந்த மண்சரிவுகளும் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களைப் புரட்டிப் போட்டன. அந்த அழிவுக்குப் பின் பாடசாலைகளின் பெயரால் உதவிகள் வருகின்றன, இன்னும் வரும். அதற்கு முன்பே, மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகள் ஆனதையொட்டி, 2023இல் இந்திய அரசாங்கம் எமது மக்களுக்கென 75 கோடி இந்திய ரூபா பெறுமதியான பல்துறை உதவித் திட்டங்களை அறிவித்தது. இவற்றோடு சிறிதும் பெரிதுமாக அரசசார்பற்ற நிறுவனங்களின் கல்வித் திட்டங்களும் உள்ளன. பணம் எமது பிள்ளைகளின் பெயரில் வருகின்றது. அது பிள்ளைகளுக்கு என்ன செய்தது என்று பார்க்கும் முறையை யார், எப்போது தீர்மானிக்கிறார்கள்?

எமது கருத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறோம். ஒரு கல்வித் திட்டத்தின் பலனை எப்படி மதிப்பிடுவது என்பது அந்தத் திட்டம் தொடங்கும் முன்பே, பெற்றோரும் ஆசிரியரும் இருக்கும் கூட்டத்தில் தீர்மானிக்கப்பட வேண்டும். அப்படித் தீர்மானிக்கும்படி கேட்பது தொழிற்சங்கத்தின் வேலைகளில் ஒன்று.

கடைசி மாதத்தில் வரும் வாகனம்

இப்போது மதிப்பீடு எப்படி நடக்கிறது? நாம் நேரில் கண்டதைச் சொல்கிறோம். மூன்று வருடத் திட்டம் முடியும் தறுவாயில் ஒரு காலை பத்து மணிக்கு வாகனம் வருகிறது. வந்தவரிடம் ஆங்கிலத்தில் ஒரு படிவம் இருக்கிறது. அந்நேரம் தாய்மார் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அதிபரோடு அரை மணி நேரம், இரண்டு ஆசிரியர்களோடு கால் மணி நேரம் பேச்சு நடக்கிறது. பிறகு நன்றாகப் பேசும் பிள்ளைகளாகத் தெரிந்தெடுத்து முன்னால் நிறுத்துகிறார்கள். திட்டம் பிடித்திருக்கிறதா என்று கேட்டால் பிள்ளை பிடித்திருக்கிறது என்றுதான் சொல்லும். படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அறிக்கை கொழும்புக்குப் போய், அங்கிருந்து கடல் கடந்தும் போய்விடும். தோட்டத்துக்கு அது திரும்பி வருவதில்லை.

வந்தவர் கெட்ட மனிதர் என்று நாம் சொல்லவில்லை. அவரை அனுப்பியதே கடைசி மாதத்தில்தான். திட்டம் தொடங்கிய போது பிள்ளைகள் எங்கே நின்றார்கள் என்று எவரும் எழுதி வைக்கவில்லை. முதலில் எழுதாததைக் கடைசியில் வருபவர் எதனோடு ஒப்பிடுவார்? கேட்டதை எழுதிக்கொண்டு போவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

நிறுவை என்றால் என்ன என்பது எமது மக்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கொழுந்து மடுவத்தில் தராசு முள் எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் எந்தத் தாயும் நகர்வதில்லை. தண்ணீருக்கு இத்தனை, சாக்குக்கு இத்தனை என்று கிலோ கழிக்கும்போது அதை எதிர்த்து வாதாடித்தான் எமது சங்கங்கள் வளர்ந்தன. எடுத்த கொழுந்தை நிறுக்கும் இடத்தில் நாம் நிற்கிறோம். பெற்ற பிள்ளையின் படிப்பை நிறுக்கும் இடத்தில் நாம் இல்லை. அதுதான் எமது கவலை.

எதை எண்ணுகிறார்கள்?

திட்ட அறிக்கைகளில் வரும் கணக்குகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. இத்தனை ஆசிரியர்களுக்குப் பயிற்சி, இத்தனை வகுப்பறைகளுக்குத் திரை, இத்தனை புத்தகங்கள், இத்தனை பயனாளிகள் என்று வரிசையாக வரும். இவை அனைத்தும் திட்டம் செய்த வேலையின் கணக்கு. பிள்ளைக்கு ஏற்பட்ட மாற்றத்தின் கணக்கு வேறு. உரம் எத்தனை மூடை போட்டோம் என்பது ஒன்று, கொழுந்து கூடியதா என்பது இன்னொன்று அல்லவா?

ஆசிரியர் பயிற்சியை எடுத்துக்கொள்வோம். ஆறு ஆசிரியர் உள்ள பாடசாலையிலிருந்து இரண்டு பேர் மூன்று நாள் பயிற்சிக்குப் போனால், அந்த மூன்று நாளும் இரண்டு வகுப்புகள் ஆசிரியர் இல்லாமல் இருக்கும். பயிற்சி நல்லதாக இருந்தால் அந்த நட்டம் பின்னால் சரியாகும். ஆனால் அறிக்கையில் பயிற்சி பெற்றவர் தொகை மட்டும் இருக்கும், பிள்ளைகள் இழந்த பாடவேளைகள் இருக்காது. பயிற்சி பெற்ற ஆசிரியர் அடுத்த வருடம் இடமாற்றம் பெற்று நகரப் பாடசாலைக்குப் போனதும் அதில் இருக்காது.

திறன் வகுப்பறையும் இப்படித்தான். திரை பொருத்திய நாளில் விழா நடக்கும். ஒரு வருடம் கழித்து அது வேலை செய்கிறதா, வாரத்தில் எத்தனை பாடவேளைக்குப் பயன்படுகிறது, மின்கட்டணத்தையும் இணையக் கட்டணத்தையும் யார் கட்டுகிறார்கள், பழுதானால் யாரைக் கூப்பிடுவது என்பவைதான் பார்க்க வேண்டிய விடயங்கள். அதற்கும் மேலே, பிள்ளைக்குக் கணக்குப் பாடம் முன்னைவிட விளங்கியதா என்பதே முடிவான கேள்வி.

அடுத்து, சித்தி வீதம். இதில்தான் எமது பெற்றோர் அதிகம் ஏமாறுகிறார்கள். ஓர் உதாரணம் சொல்கிறோம், பென்சில் எடுத்துப் போட்டுப் பாருங்கள். ஒரு பாடசாலையில் தரம் 6இல் 60 பிள்ளைகள் சேர்ந்தார்கள். அவர்களில் 48 பேர் சாதாரண தரப் பரீட்சை எழுதி 24 பேர் சித்தியடைந்தார்கள். சித்தி வீதம் 50. பிறகு ஒரு திட்டம் வந்தது. அடுத்து வந்த தொகுதியிலும் தரம் 6இல் சேர்ந்தவர்கள் 60 பேர்தான். ஆனால் பரீட்சை எழுதியவர்கள் 40 பேர். சித்தியடைந்தவர்கள் அதே 24 பேர். இப்போது சித்தி வீதம் 60.

அறிக்கையில் ‘சித்தி வீதம் 50இலிருந்து 60 ஆக உயர்ந்தது’ என்று வரும். அது பொய்யும் இல்லை. ஆனால் ஒரு பிள்ளைகூடக் கூடுதலாகச் சித்தியடையவில்லை. கூடுதலாக நடந்தது ஒன்றுதான்: முன்பு 12 பேர் இடைவிலகினார்கள், இப்போது 20 பேர். அந்த எட்டுப் பிள்ளைகள் கொழும்பில் கடையிலோ யாரோ ஒருவரின் வீட்டு வேலையிலோ இருக்கலாம். பரீட்சை எழுதியவர்களை மட்டும் எண்ணினால் அவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். தரம் 6 இடாப்பில் இருந்த 60 பேரையும் எண்ணினால் இரண்டு தடவையும் நூற்றுக்கு 40தான் என்பது உடனே தெரிந்துவிடும்.

சிறிய பாடசாலைகளுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 12 பிள்ளைகள் உள்ள வகுப்பில் இரண்டு பேர் கூடுதலாகச் சித்தியடைந்தாலே வீதம் ஏறத்தாழ 17 புள்ளிகள் பாயும். அதை வைத்து ஒரு திட்டத்தைப் புகழவும் கூடாது, ஓர் ஆசிரியரைத் திட்டவும் கூடாது. சிறிய வகுப்பில் வீதத்தை விட்டுவிட்டு ஒவ்வொரு பிள்ளையாகப் பார்ப்பதே சரி.

கூடியது திட்டத்தாலா?

ஒன்று கூடினாலும் அது ஏன் கூடியது என்று பார்க்க வேண்டும். 2022ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். எரிபொருள் இல்லாமல் பாடசாலைகள் மூடப்பட்டன. திறந்த போதும் வாரத்தில் சில நாட்கள்தான் நடந்தன. பஸ் இல்லை, பல வீடுகளில் காலைச் சாப்பாடும் இல்லை. அந்த ஆண்டில் ஒரு திட்டம் தொடங்கி, 2023இல் பிள்ளைகளின் வரவு கூடியது என்று கணக்குக் காட்டினால், அந்தப் பெருமை திட்டத்துக்குரியதா? பஸ் மீண்டும் ஓடியதால் திட்டம் போகாத பாடசாலையிலும் வரவு கூடித்தானே இருக்கும்?

புயலுக்குப் பின் வரும் திட்டங்களுக்கும் இது பொருந்தும். பாதை அறுந்து, பிள்ளைகள் இடம்பெயர்ந்திருந்த வாரத்தைத் தொடக்கமாக வைத்துக்கொண்டால், எதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும் ஆறு மாதத்தில் முன்னேற்றம் தெரியும். ஆகவே புயலுக்கு முந்திய தவணையின் வரவு இடாப்பையும் பக்கத்தில் வைக்க வேண்டும். திட்டம் போகாத, எமது பாடசாலையைப் போன்ற இன்னொரு பாடசாலையின் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டு இடத்திலும் ஒரே அளவு கூடியிருந்தால் அதற்குக் காரணம் வேறு. எமது பாடசாலையில் அதைவிடக் கூடியிருந்தால் திட்டத்துக்கும் அதில் பங்கு இருக்கிறது என்று சொல்லலாம்.

முதல் நாளே தீர்மானிக்க வேண்டியவை

இனி ஒரு திட்டம் பாடசாலைக்கு வந்தால் ஐந்து விடயங்களை முதல் கூட்டத்திலேயே கேட்போம்.

முதலாவது, என்ன மாற்றம் வரும் என்று சொல்கிறீர்கள்? பதில் தமிழில், ஒரே வசனத்தில் இருக்க வேண்டும். ‘கல்வித் தரம் மேம்படும்’ என்பது பதில் அல்ல. ‘தரம் 3 முடிக்கும் பிள்ளைகள் ஒரு பந்தியைத் தடையின்றி வாசித்து, அதில் கேட்கும் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்வார்கள்’ என்பது பதில். அதைப் பிறகு பார்த்துச் சரிபிழை சொல்லலாம்.

இரண்டாவது, தொடக்க நிலையை எழுதிவிட்டீர்களா? மேலே சொன்ன வாசிப்புச் சோதனைக்கு ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம் போதும். சொந்த ஆசிரியர் செய்தால் பிள்ளைக்கு உதவத் தோன்றும். ஆகவே பக்கத்துப் பாடசாலை ஆசிரியர் வந்து செய்யட்டும், எமது ஆசிரியர் அங்கே போகட்டும். வரவு இடாப்பும் வகுப்பு இடாப்பும் ஏற்கனவே பாடசாலையில் இருக்கின்றன. அவற்றைத் திட்டம் தொடங்கும் முன் ஒரு தடவை கூட்டி எழுதி வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

மூன்றாவது, யாரிடம் கேட்பீர்கள்? திட்டத்திடம் சம்பளம் வாங்குபவர்களிடம் மட்டும் கேட்டால் போதாது. பெற்றோரிடம், குறிப்பாக இடைவிலகிய பிள்ளையின் பெற்றோரிடம் கேட்க வேண்டும். அவர்களைச் சந்திக்க ஞாயிற்றுக்கிழமையோ வேலை விட்ட பின் மாலையோ வர வேண்டும். வேலை நாளில் கூப்பிட்டால் அன்றைய பேருக்கு யார் பொறுப்பு என்பதையும் சொல்ல வேண்டும். அரை நாள் பேரை இழந்துவிட்டு அபிப்பிராயம் சொல்ல ஒரு தொழிலாளியால் முடியாது.

நான்காவது, எப்போது பார்ப்பீர்கள்? முடியும் நாளில் ஒரு தடவையும், முடிந்து ஒரு வருடம் கழித்து இன்னொரு தடவையும் பார்க்க வேண்டும். அதற்கான பணம் திட்டச் செலவிலேயே ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். கடைசியில் மிஞ்சினால் பார்ப்போம் என்றால் மிஞ்சாது.

இதற்கு எமது வரலாற்றிலேயே சாட்சி உண்டு. தோட்டப் பாடசாலைகளை 1977 முதல் அரசாங்கம் கட்டங்கட்டமாகப் பொறுப்பேற்ற பின், 1980களின் நடுப்பகுதியிலிருந்து சுவீடனின் சீடா நிறுவனம் எமது பாடசாலைகளுக்குப் பெரிய அளவில் உதவியது. ஜெர்மனியின் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி உருவானது. அதே காலகட்டத்தில் தோட்டத்துப் பிள்ளைகளே ஆசிரியர்களாக நியமனம் பெறத் தொடங்கினார்கள். அந்தத் திட்டங்களைக் கட்டிடம் திறந்த நாளில் மட்டும் அளந்திருந்தால் சுவர்கள்தான் கணக்கில் வந்திருக்கும். அந்தக் கல்லூரியில் பயின்றவர்கள் பல வருடங்களாகத் தோட்டப் பாடசாலைகளில் படிப்பித்து வருவது அந்தக் கணக்கில் வந்திருக்காது. சில பலன்கள் தாமதித்தே தெரியும். சில பலன்கள் விழா முடிந்த மறுமாதமே மறைந்துவிடும். இரண்டையும் பிரித்தறியத் திரும்பி வந்து பார்க்க வேண்டும்.

ஐந்தாவது, முடிவை எங்கே சொல்வீர்கள்? பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில், தமிழில், நன்மையோடு குறையையும் சொல்ல வேண்டும். பெற்றோரின் சம்மதம் இல்லாமல் பிள்ளையின் பெயரையோ படத்தையோ எந்த அறிக்கையிலும் போடக் கூடாது. எமது வறுமையை விளம்பரப் படமாக்க நாம் அனுமதி கொடுக்கவில்லை.

சொல்லப்படும் மறுப்புகள்

இப்படிக் கேட்டால் சிலர் முகம் சுளிப்பார்கள். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்பார்கள். தானம் என்ற சொல்லே இங்கு பொருந்தாது. இந்த நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தந்த தொழிலாளரின் பிள்ளைகளுக்கு வரும் உதவி இது. பயனாளிகள் பட்டியலில் எமது பிள்ளைகளின் பெயரைக் காட்டித்தான் பணம் பெறப்படுகிறது. பட்டியலில் பெயர் இருப்பவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமையும் உண்டு. நேர்மையாக வேலை செய்யும் நிறுவனம் இதை வரவேற்கும். தான் செய்ததில் எது பலித்தது என்று தெரிந்தால்தானே அடுத்த தோட்டத்தில் அதைச் செய்யலாம்?

ஆசிரியர் நண்பர்களின் பயம் வேறு. மதிப்பீடு என்றால் கடைசியில் பழி எம் தலையில்தான் விழும் என்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. 2015இல் மலையகப் பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளர்களாக எடுக்கப்பட்டவர்கள் மாதம் 6,000 ரூபா கொடுப்பனவில் வகுப்பில் நின்றதை நாம் மறக்கவில்லை. அப்படி ஒருவரை நிறுத்திவிட்டு அவருடைய வகுப்பின் புள்ளிகளை மட்டும் பார்ப்பது அநியாயம். ஆகவே, திட்டத்தை அளப்பதற்கென எடுக்கும் கணக்கு எந்த ஆசிரியருக்கும் எதிராகப் பயன்படுத்தப்படமாட்டாது என்பதையும் முதல் கூட்டத்திலேயே எழுதி வாங்குவோம். பலன் வராததற்கு ஆசிரியர் பற்றாக்குறை காரணம் என்றால், அந்தக் கணக்கே வலயக் கல்வி அலுவலகத்தில் எமது பக்கம் பேசும் சாட்சியாகிவிடும்.

சின்னச் சின்ன உதவிகளுக்கும் இவ்வளவு தேவையா என்று கேட்டால், தேவையில்லை. ஐம்பது பிள்ளைகளுக்குக் கொப்பியும் பையும் கொடுப்பவரிடம் வாசிப்புச் சோதனை கேட்க மாட்டோம். பை வந்ததா, வேண்டிய பிள்ளைக்குக் கிடைத்ததா என்று பார்த்தால் போதும். நாம் சொல்வது வருடக்கணக்கில் நடந்து, பிள்ளைகளின் நேரத்தையும் ஆசிரியரின் நேரத்தையும் எடுத்துக்கொள்ளும் திட்டங்களைப் பற்றி.

சட்டம் எமது பக்கம்

கேட்டுக் கிடைக்காவிட்டால் சட்டம் உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அரச அலுவலகங்களுக்கு மட்டும் உரியதல்ல. வெளிநாட்டு அரசாங்கத்திடமோ சர்வதேச நிறுவனத்திடமோ கணிசமான நிதி பெற்று மக்களுக்குச் சேவை வழங்கும் அரசசார்பற்ற நிறுவனங்களும், அந்தச் சேவை தொடர்பான தகவலைப் பொறுத்தவரை, அதற்குள் வருகின்றன. ஒரு திட்டத்தின் மதிப்பீட்டு அறிக்கையை இந்தச் சட்டத்தின் கீழ் கேட்கலாம்.

விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். ஏன் கேட்கிறேன் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாய்மொழியாகச் சொன்னால் அதைத் தகவல் அலுவலரே எழுதிக்கொள்ள வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தகவல் தருவதா மறுப்பதா என்று 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம், கடைசியாகத் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு வரை போகலாம்.

இன்னும் ஒன்று. வெளிநாட்டு நிதியில் ஒரு லட்சம் அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட, உள்நாட்டு நிதியில் ஐந்து லட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட திட்டம் ஒன்று அமைச்சின் கீழ் வரும்போது, அது தொடங்கப் பொதுவாக மூன்று மாதங்களுக்கு முன்பே பொதுமக்களுக்கும் அதனால் பாதிக்கப்படக் கூடியவர்களுக்கும் அதன் விபரங்களை அறிவிப்பது அந்த அமைச்சரின் கடமை என்று அதே சட்டத்தின் 9ஆம் பிரிவு சொல்கிறது. திட்டம் வந்து இறங்கிய பின்தான் தெரியவரும் என்ற நிலையை நாம் ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை.

இந்த மாதம் செய்ய வேண்டியது

தோட்டக் கமிட்டித் தலைவர்களுக்கும் மாதர் தலைவிகளுக்கும் எமது வேண்டுகோள் இது. அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இரண்டு தீர்மானங்களை எடுங்கள். உங்கள் தோட்டப் பாடசாலையில் இப்போது நடக்கும் திட்டங்கள் எவை, அவை எப்போது முடிகின்றன என்ற பட்டியலை அதிபரிடம் கேட்டு வாங்குங்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்குச் சங்கத்தின் சார்பில் இரண்டு பெற்றோரை அனுப்புங்கள், அதில் ஒருவர் கட்டாயம் தாயாக இருக்கட்டும். மேலே உள்ள ஐந்து கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி அவர்கள் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

ஆசிரியர்களாகிய நாம் செய்யக்கூடியதும் இருக்கிறது. இந்த வருடம் தரம் 6இல் சேர்ந்த பிள்ளைகளின் பெயர்களை ஒரு கொப்பியில் எழுதி வைப்போம். ஒவ்வொரு தவணை முடிவிலும் யார் இருக்கிறார், யார் நின்றுவிட்டார், ஏன் நின்றார் என்று பக்கத்தில் குறிப்போம். அதற்கு எந்த நிறுவனத்தின் பணமும் வேண்டாம், ஒரு 80 பக்கக் கொப்பி போதும். ஐந்து வருடம் கழித்து எவர் வந்து எந்த வீதத்தைச் சொன்னாலும், அந்தக் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு அவரோடு பேசலாம்.